சளி டெஸ்ட் ரெண்டு தடவை நெகட்டிவ்: அம்மாவுக்கு டிபி இல்லைன்னு எடுத்துக்கலாமா?

ஒட்டன்சத்திரத்தான் | ஜூன் 11, இரவு 9.40

வணக்கம். இங்க டாக்டருங்க, லேப்ல வேலை பாக்கறவங்க எல்லாம் இருக்கீங்கன்னு பார்த்தேன், அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு 56 வயசு. மார்க்கெட் கமிஷன் கடையில வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. சர்க்கரை 11 வருஷமா இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடறதில்ல. சித்திரை மாசம் ஆரம்பிச்ச இருமல் இன்னும் நிக்கல. சாயங்காலம் ஆனா உடம்பு சுடும், ராத்திரி ரவிக்கை நனையற அளவுக்கு வேர்க்கும், விடிஞ்சா எதுவுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. பொங்கலுக்கு 53 கிலோ இருந்தாங்க, இப்ப 47. கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது.

மொதல்ல ஒரு தனியார் கிளினிக்ல லெவோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக் 7 நாள் கொடுத்தாங்க. காய்ச்சல் விட்டுச்சு, பசி எடுத்துச்சு, சரியாப் போச்சுன்னு நினைச்சோம். பத்து நாள்ல எல்லாம் திரும்ப வந்துடுச்சு. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில சளி ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தாங்க. ரெண்டுமே நெகட்டிவ். எக்ஸ்ரேயில வலது பக்கம் கீழ ஒரு நிழல் இருக்குன்னாங்க. அங்க இருந்த டாக்டர் "சளியில கிருமி இல்ல, டிபி இல்ல, நிமோனியாதான்" அப்படீங்கறார். இன்னொருத்தர் "எதுக்கும் டிபி மாத்திரையை ஆரம்பிச்சுடலாம்" அப்படீங்கறார். யாரை நம்பறதுன்னு தெரியல. வீட்டுல என் பொண்ணு இருக்கா, 3 வயசு. அப்பத்தா மடியை விட்டு எறங்க மாட்டா.


லேப்காரன் | ஜூன் 11, இரவு 10.25

தம்பி, நான் 22 வருஷமா சளி ஸ்லைடு பாக்கறவன். ரெண்டு டாக்டர்ல யார் சொல்றது சரின்னு நான் சொல்ல முடியாது. ஆனா "சளியில இல்ல, அதனால டிபி இல்ல"ன்னு சொல்றது சரியில்ல. ஏன்னு சொல்றேன்.

நீங்க கொடுக்கிற சளியில கெட்டியா மஞ்சளா இருக்கிற துணுக்கைக் குச்சியால எடுத்து, கண்ணாடியில 3க்கு 2 செ.மீ. அளவுக்குத் தேய்ப்போம். அதுல ஒட்டுறது சுமார் 0.01 மில்லி சளி. அந்தத் தேய்ப்பு முழுக்கப் பார்க்கணும்னா லென்ஸுக்கு அடியில பத்தாயிரத்துக்குக் குறையாம வட்டங்கள் வரும் (ஒரு தடவைக்குக் கண்ணுல தெரியற இடம் ஒரு வட்டம்). நெகட்டிவ்னு எழுதறதுக்கு நாங்க பார்க்கிறது 100 வட்டம். இப்ப கணக்குப் போடுங்க. ஒரு மில்லி சளியில 10,000 கிருமி இருந்தா, என் கண்ணாடியில 100 கிருமி. அதுல நூத்துல ஒரு பங்கு இடத்தைத்தான் நான் பார்க்கிறேன். என் கண்ணுல படறது ஒன்னே ஒன்னு. அதையும் தவறவிட வாய்ப்பு இருக்கு.

மில்லிக்கு 5,000ல இருந்து 10,000 கிருமிக்குக் கீழ போயிட்டா மைக்ராஸ்கோப் கை விரிச்சுடும். அம்மா நுரையீரல்ல மில்லிக்கு 800 கிருமி இருந்தாலும் நான் "நெகட்டிவ்"னுதான் எழுதுவேன். அப்படி எழுதறதுல என் தப்பும் இல்ல, அம்மாவுக்கு நோய் இல்லைன்னும் ஆகாது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்னு. அம்மா குப்பியில கொடுத்தது சளியா, எச்சிலா?


ஒட்டன்சத்திரத்தான் | ஜூன் 11, இரவு 11.05

அண்ணா, அம்மாவை எழுப்பிக் கேட்டேன். மொத சாம்பிள் ஆஸ்பத்திரியிலேயே, பகல் பதினோரு மணிக்கு மேல. வெளிய மரத்தடியில ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்களாம், வெக்கப்பட்டு முந்தானையால வாயை மறைச்சுட்டு லேசா காறித் துப்பியிருக்காங்க. ரெண்டாவது வீட்டுல. பல் விளக்கி, காப்பி குடிச்சதுக்கு அப்புறம் எடுத்தது. வெள்ளையா நுரைச்சு இருந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இருக்கு. வண்டி டேங்க் கவர்ல போட்டு நான்தான் கொண்டுபோனேன், குடுக்கும்போது மணி 12 ஆயிடுச்சு.


லேப்காரன் | ஜூன் 11, இரவு 11.30

அப்ப ரெண்டும் எச்சில். அம்மா மேல குத்தம் இல்ல, குப்பியைக் கையில கொடுத்தவங்க சொல்லித் தந்திருக்கணும். எங்க மேசைக்கு வர்ற பொம்பளைங்க குப்பியில பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கும். நாலு பேர் பாக்க இருமிக் காறறதுக்குக் கூச்சம். பாகிஸ்தான் ராவல்பிண்டியில செஞ்ச ஒரு ஆய்வை 2007ல வெளியிட்டாங்க. சளி எப்படி எடுக்கணும்னு ரெண்டு நிமிஷம் விளக்கிச் சொன்னதுக்கே, விளக்கம் கேட்ட பொம்பளைங்கள்ல 13 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் வந்துச்சு, கேக்காதவங்கள்ல 8 சதவீதம்தான். மருந்து இல்ல, மிஷின் இல்ல, வெறும் பேச்சு.

நாளைக்கு இப்படிச் செய்யுங்க. ராத்திரியே குப்பியை வாங்கி வச்சுக்கங்க. காலையில எந்திரிச்சதும், வேற எதுவும் வாயில போடறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிக்கணும். பேஸ்ட் வேண்டாம். மொட்டை மாடியிலயோ கொல்லையிலயோ காத்தோட்டமா நிக்கட்டும், பக்கத்துல யாரும் வேண்டாம், குழந்தை கிட்டயே போகக்கூடாது. மூச்சை ஆழமா இழுத்து ஒரு நிமிஷம் போல நிதானமா ரெண்டு மூணு தடவை இழுத்து விட்டு, அடுத்த மூச்சை இழுத்துப் பிடிச்சு, அடி நெஞ்சுல இருந்து இருமணும். தொண்டையைச் செருமறது இருமல் இல்ல. வர்றது கெட்டியா, மஞ்சளாவோ பச்சையாவோ இழை இழுக்கணும். குறைஞ்சது 2 மில்லி, அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. வரலைன்னா வெந்நீர் ஆவி பிடிச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணட்டும். வெயில் ஏறறதுக்கு முன்னாடி லேப்ல கொடுத்துடுங்க.

கொடுக்கும்போது "சிபிநாட் இல்லாட்டி ட்ரூநாட் போடுங்க"ன்னு கேளுங்க. ரெண்டும் கிருமியோட மரபணுவைத் தேடற மிஷின் டெஸ்ட். அரசு மையத்துல காசு கிடையாது.


மூச்சு | ஜூன் 12, காலை 6.15

நான் நெஞ்சக நோய் மருத்துவர், மதுரைப் பக்கம். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் என்னை உறுத்துகின்றன.

முதலாவது லெவோஃப்ளாக்சசின். காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குகிற மருந்து அது. ஏழு நாள் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், பசி வரும், சளியில் கிருமி எண்ணிக்கை குறையும். நோயாளி தேறிவிட்டார் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். மருந்து நின்ற பிறகு நோய் தலைதூக்கும். டிபி சந்தேகம் இருக்கிற இடத்தில் அந்த வகை ஆன்டிபயாடிக்கைத் தொடக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கடைத்தெருவில் அதுதான் முதலில் எழுதப்படுகிறது. உங்கள் கதையில் "சரியாகி, பத்து நாளில் திரும்பி வந்தது" என்ற ஒரு வரியே எனக்குப் பெரிய தடயம்.

இரண்டாவது, சர்க்கரை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதோடு, பாடப்புத்தகத்தில் உள்ளபடி நுரையீரலின் மேல்பகுதியில்தான் வரவேண்டும் என்கிற விதியை அது மதிக்காது. கீழ்ப்பகுதியில் நிழல் என்றதும் நிமோனியா என்று எழுதிவிடுகிறோம். நிமோனியா இரண்டு மாதம் மாலைக் காய்ச்சலாக இழுத்துக்கொண்டிருக்காது.

மூன்றாவது, எக்ஸ்ரே. பழைய படம் ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். எந்த ஆபரேஷனுக்கு எடுத்ததாக இருந்தாலும் சரி. பழைய படத்திலேயே அந்த நிழல் இருந்தால் அது தழும்பாக இருக்கலாம். புதியது என்றால் பேச்சே வேறு.

லேப்காரன் சொன்ன சிபிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது கிருமியின் மரபணுவைத் தேடுகிற மிஷின். மில்லிக்கு 130 கிருமி அளவில் இருந்தாலே பிடித்துவிடும், முக்கியமான டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லும். ஆனாலும் ஸ்லைடில் நெகட்டிவ், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில்) பாசிட்டிவ் என்கிற நோயாளிகளை எடுத்துக்கொண்டால், பத்தில் மூன்று பேரை அதுவும் விட்டுவிடுகிறது. சிபிநாட் நெகட்டிவ் வந்தால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

எச்ஐவி பரிசோதனையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டும் நடைமுறையில் எல்லா டிபி சந்தேக நோயாளிக்கும் செய்வதுதான், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.


நெசவாளி மகன் | ஜூன் 12, காலை 9.50

டாக்டர் சார் சொல்றதெல்லாம் சரி. ஆனா "எதுக்கும் டிபி மாத்திரையை ஆரம்பிச்சுடலாம்"ன்னு ஒருத்தர் சொன்னதா எழுதியிருக்கார் பாருங்க, அதைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்குது.

எங்கப்பா தறி ஓட்டினவர், 40 வருஷம் பீடி. ரெண்டு சளி டெஸ்ட் நெகட்டிவ், எக்ஸ்ரேயில நிழல். "நம்ம ஊர்ல இந்த நிழல்னா டிபிதான்"னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாங்க. ரெண்டு மாசம், மூணு மாசம், எடை ஏறவே இல்ல. "மருந்து வேலை செய்ய நாளாகும்"னாங்க. நாலாவது மாசம் குரல் கம்மிப் போச்சு. அப்புறம்தான் சிடி எடுத்து, ஊசி விட்டு சதை எடுத்துப் பார்த்தாங்க. புற்றுநோய். அதுக்குள்ள எலும்புக்குப் போயிடுச்சு. அந்த நாலு மாசத்தை யாரும் எங்களுக்குத் திருப்பித் தரப்போறதில்ல.

தம்பி, ஆதாரம் இல்லாம மாத்திரையைக் கையில வாங்காதீங்க.


வைகைக்கரை | ஜூன் 12, காலை 11.20

நெசவாளி மகன், உங்க இழப்பு பெருசு. ஆனா எதிர்ப்பக்கமும் ஒன்னு இருக்கு, சொல்லாம இருக்க முடியல.

என் சித்தி பொண்ணுக்கு 24 வயசு. ஸ்லைடு நெகட்டிவ், சிபிநாட் நெகட்டிவ். "ஆதாரம் வரட்டும், கல்ச்சர் வரட்டும்"னு காத்திருந்தாங்க. கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ஆறு வாரம். அஞ்சாவது வாரம் அவளால கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியல, எடை 31 கிலோ. கல்ச்சர் பாசிட்டிவ்னு போன் வந்தப்ப நாங்க காரியத்துக்கு ஆள் சொல்லிட்டு இருந்தோம்.

காத்திருக்கிறதுக்கும் விலை இருக்குங்க.


மூச்சு | ஜூன் 12, மதியம் 2.10

நீங்கள் இருவர் சொல்வதும் நடக்கிறது. இரண்டையுமே நான் வார்டில் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது, யார் படுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

உட்கார்ந்து பேசுகிற, சாப்பிடுகிற, மூச்சு முட்டாத ஒருவருக்கு ஒரு வாரம், பத்து நாள் தேடுவதற்கு நேரம் இருக்கிறது. அந்த நாட்களைச் சும்மா காத்திருக்காமல், முழுக்கத் தேடுவதற்குப் பயன்படுத்த வேண்டும். மூச்சு வாங்குகிறவர், எழுந்து நிற்க முடியாதவர், எலும்பும் தோலுமாக இருப்பவர், எச்ஐவி உள்ளவர் இவர்களுக்கு ஆதாரத்துக்காக மருந்தை நிறுத்தி வைக்கக்கூடாது. சாம்பிளை எடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். வைகைக்கரை, உங்கள் தங்கைக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும்.

நெசவாளி மகன் அப்பாவின் விஷயத்தில் ஆரம்பித்தது தவறா என்பதைவிட, ஆரம்பித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டதுதான் பெரிய தவறு. ஆதாரமில்லாமல் தொடங்கிய சிகிச்சையில், காய்ச்சல் நின்றதா, எடை ஏறியதா என்று மாதாமாதம் பார்த்து, இரண்டாம் மாதம் படம் எடுக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று நினைப்பதற்கு முன் "என் நோயறிதலே தப்போ" என்று கேட்க வேண்டும். 40 வருடம் பீடி பிடித்தவருக்குப் புற்றுநோயை முதல் நாளே தேடியிருக்க வேண்டும்.

பழைய ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹாங்காங் நெஞ்சக சேவையும் சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்தது. எக்ஸ்ரேயில் நோய், சளி ஸ்லைடில் கிருமி இல்லை என்கிற நோயாளிகளில் ஒரு குழுவுக்கு உடனே மருந்து கொடுக்காமல் கூர்ந்து கவனித்துவந்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது. "நெகட்டிவ், வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்புகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இது ஞாபகம் வரும். பரவலும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் கிருமியின் மரபணு ரேகையை ஒப்பிட்டு 1999ல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுகளில் 17 சதவீதம் ஸ்லைடு நெகட்டிவ் நோயாளிகளிடமிருந்து வந்ததாகக் கணக்கிட்டார்கள். உங்கள் மகள் மடியில் உட்காருவதால் சொல்கிறேன்.


பல்லடம் பவர்லூம் | ஜூன் 12, மாலை 6.30

இவ்வளவு சிரமம் எதுக்கு? ரத்தத்துல டிபி கோல்டுன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, எங்க மச்சானுக்கு 3,000 ரூபாய்க்குத் தனியார் லேப்ல எடுத்தோம், பாசிட்டிவ், உடனே மருந்து.


லேப்காரன் | ஜூன் 12, மாலை 7.05

மச்சானுக்கு டிபி இருந்திருக்கலாம், ஆனா அந்த டெஸ்ட் அதைச் சொல்லல. கிருமி எப்பவாவது உடம்புக்குள்ள போயிருக்கான்னுதான் அது சொல்லும். நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஏகப்பட்ட பேருக்குக் கிருமி உள்ள தூங்கிட்டு இருக்கு, ஆயுசு முழுக்க நோயே வராம. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பாசிட்டிவ் வரும். கையில ஊசி போட்டு வீக்கம் அளக்கிற மாண்டூவும் அதே கதைதான். எதிர்ப்பக்கம், உடம்பு ரொம்ப நலிஞ்சவங்களுக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் வரும்.

இன்னொரு வகை ரத்த டெஸ்ட் இருந்துச்சு, ஐஜிஜி, ஐஜிஎம்னு எதிர்ப்பொருளைத் தேடறது. தப்புத் தப்பா காட்டினதால 2012ல இந்திய அரசு தடையே பண்ணிடுச்சு. இன்னமும் யாராவது எழுதிக் கொடுத்தா எடுக்காதீங்க.


ஒட்டன்சத்திரத்தான் | ஜூன் 16, இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. லேப்காரன் அண்ணா சொன்ன மாதிரியே செஞ்சோம். அம்மா மொட்டை மாடியில நின்னு இருமினாங்க, நான் படிக்கட்டுல நின்னுட்டேன். இந்தத் தடவை மஞ்சளா நல்லா வந்துச்சு, ஆனா கொஞ்சம்தான். சிபிநாட் ரிசல்ட்: கிருமி கண்டறியப்படவில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, ஒன்னும் இல்ல" அப்படீங்கறாங்க. எச்ஐவி இல்ல. மூணு மாசச் சர்க்கரைச் சராசரி 10.8.

அம்மாவோட பழைய எக்ஸ்ரே ஒன்னு பரண்ல கெடச்சுது. நாலு வருஷம் முன்னாடி கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு எடுத்தது. அதுல வலது கீழ்ப்பக்கம் சுத்தமா இருக்கு.


மூச்சு | ஜூன் 16, இரவு 9.00

அந்தப் பழைய படம் பெரிய உதவி. நிழல் புதியது, ஆன்டிபயாடிக்குக்குக் கரையவில்லை, எடை இறங்குகிறது. சிடி ஸ்கேன் எடுங்கள். சிறு மூச்சுக்குழாய்களில் நோய் பரவியிருந்தால், மொட்டு விட்ட கிளை மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். எக்ஸ்ரேயில் மறைந்திருக்கிற சிறு குழி சிடியில் தெரியும். கட்டியாக இருந்தாலும் அதன் உருவம் தெரியும். ஆனால் சிடியும் "டிபி போலிருக்கிறது" என்றுதான் சொல்லும், கிருமியைக் காட்டாது. அடுத்து எங்கே போய்ச் சாம்பிள் எடுப்பது என்பதற்கு அது வழிகாட்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

அதற்குள் 3 சதவீத உப்புக்கரைசலை நெபுலைசரில் இழுக்கவைத்துச் சளி எடுக்கிற வசதி உங்கள் மாவட்டத்தில் இருந்தால் செய்யச் சொல்லுங்கள். தனி அறை, காற்றோட்டம் வேண்டும், அம்மாவுக்கு வீசிங் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.


தென்காசிச் செவிலி | ஜூன் 17, காலை 7.30

தம்பி, நான் நர்ஸ். அம்மாவுக்கு வீட்டுலயே கவனிக்க வேண்டியது சொல்றேன். நம்ம மாநிலத்துல 2022ல இருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்குது. அதுல நாங்க முதல் நாளே மூணு விஷயம் பார்ப்போம். எடை உயரத்துக்கு ரொம்பக் கம்மியா, மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல போகுதா இல்லாட்டி ஆக்சிஜன் 94க்குக் கீழ இறங்குதா, யாரும் பிடிக்காம நிக்க முடியுதா. இதுல எதாவது ஒன்னு மாறினாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீங்க, அப்படியே ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. சளியில ரத்தம் வந்தாலும் அதேதான்.

பாப்பாவைப் பத்தி. அவளுக்கு இருமல், காய்ச்சல், எடை ஏறாம இருக்கிறது ஏதாவது இருக்கா? இருந்தா உடனே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. 3 வயசுப் பிள்ளை சளியைத் துப்பாது, முழுங்கிடும். அதனால விடியக்காலையில வெறும் வயித்துல மூக்கு வழியா குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்து அதை மிஷின்ல போடுவாங்க. குழாய் விடறப்ப பிள்ளை வீறிடும், பெத்தவங்க அழுவாங்க. இப்ப மலத்தை வச்சும் பார்க்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே ஏத்துக்கிட்டிருக்கு, எல்லா இடத்துக்கும் இன்னும் வரல.


ஒட்டன்சத்திரத்தான் | ஜூன் 21, மாலை 5.45

பாப்பா நல்லா இருக்கா அக்கா. எடை பார்த்தோம், சரியா இருக்கு.

சிடியில வலது கீழ் மடல்ல அடர்த்தியா ஒரு பகுதி, நடுவுல சின்னக் குழி, சுத்தி டாக்டர் சார் சொன்ன அதே மொட்டுக் கிளை. "டிபிக்கு வாய்ப்பு அதிகம், மற்றவற்றை விலக்கவும்"னு எழுதியிருக்காங்க. நெபுலைசர் வச்சு எடுத்த சளியும் சிபிநாட் நெகட்டிவ். 24ஆம் தேதி பிராங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள குழாய் விட்டுப் பார்க்கிறது, வச்சிருக்காங்க. அம்மா பயந்துபோய் இருக்காங்க, "மூக்கு வழியா குழாய் விட்டா செத்துருவேன்"னு அழறாங்க.


லேப்காரன் | ஜூன் 21, இரவு 8.20

அம்மாகிட்ட சொல்லுங்க, தொண்டைக்கு மரத்துப் போற மருந்து அடிச்சுட்டுத்தான் விடுவாங்க. இருமல் வரும், ஒரு மாதிரி மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும், கால் மணி, இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்.

உங்களுக்கு ஒன்னு சொல்றேன், இதை மறக்காதீங்க. உள்ள உப்புத்தண்ணி விட்டுக் கழுவி உறிஞ்சி எடுப்பாங்க, அது லேபுக்குப் போகும். ஆனா தண்ணி கலக்கறதால கிருமி நீர்த்துப் போகும், சில நேரம் அந்த மரத்துப் போற மருந்தும் கிருமியைக் கல்ச்சர்ல வளர விடாது. குழாய் விட்டுக் கிளறினதால அன்னைக்குச் சாயங்காலமும் மறுநாள் காலையிலயும் தானா சளி நிறைய வரும். பல பேர் அதைத் துப்பிட்டுப் போயிடுவாங்க. அதைக் குப்பியில பிடிங்க. கழுவின தண்ணியில கிடைக்காத கிருமி அந்தச் சளியில கிடைச்சதை என் கண்ணாலயே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். முன்கூட்டியே ரெண்டு குப்பி கேட்டு வாங்கி வச்சுக்கங்க.


மூச்சு | ஜூன் 21, இரவு 9.10

லேப்காரன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கழுவு நீரை மிஷினுக்கு மட்டும் அனுப்பாமல் திரவக் கல்ச்சருக்கும், புற்றுநோய்ச் செல் பார்ப்பதற்கும், பூஞ்சைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே முறை குழாய் விடுகிறோம், எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்.


ஒட்டன்சத்திரத்தான் | ஜூன் 26, இரவு 7.00

கை நடுங்குது, அதனால சுருக்கமா எழுதறேன். கழுவு நீர்: ஸ்லைடு நெகட்டிவ், சிபிநாட் நெகட்டிவ். புற்றுநோய்ச் செல் இல்ல. கல்ச்சர் வளர வச்சிருக்காங்க.

25ஆம் தேதி காலையில அம்மா இருமினதைப் பிடிச்சுக் கொடுத்தேன். லேப்ல வாங்கவே யோசிச்சாங்க, "நேத்துதானே எல்லாம் எடுத்தீங்க"ன்னு. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்து கொடுத்தேன். இன்னைக்கு ரிசல்ட்: காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டது, மிகக் குறைவு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை.

அண்ணா, உங்க கைக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.


லேப்காரன் | ஜூன் 26, இரவு 7.25

அம்மா இருமினாங்க, நீங்க பிடிச்சீங்க. நல்லா இருக்கட்டும்.


ஒட்டன்சத்திரத்தான் | ஜூன் 29, காலை 10.40

மருந்து ஆரம்பிச்சாச்சு. எடைக்குத் தகுந்த மாதிரி தினமும் 3 மாத்திரை, ஒரே வேளையா வெறும் வயித்துல. அரசோட டிபி நோயாளி பதிவுத் தளமான நிக்ஷய்ல பதிவு பண்ணி வங்கிக் கணக்கும் வாங்கிக்கிட்டாங்க, சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடச் சொல்லிட்டாங்க.

இப்ப வேற பிரச்சனை. பெரியம்மா வந்து பார்த்துட்டு அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக் கொட்டகைப் பக்கம் படுக்கைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அம்மா அதைக் கேட்டதுல இருந்து சரியாச் சாப்பிடறதில்ல.


மூச்சு | ஜூன் 29, மதியம் 1.30

இன்சுலின் நல்ல முடிவு. ரிஃபாம்பிசின் பல சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே வாருங்கள்.

தட்டு, டம்ளர் வழியாக இந்த நோய் பரவாது. காற்று வழியாகத்தான். ஜன்னல் திறந்திருக்கட்டும், முதல் சில வாரங்கள் அம்மா முகக்கவசம் போடட்டும், பாப்பா இரவில் தனியாகத் தூங்கட்டும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைக்கிற மருத்துவமனை) மறு பாதியை அவரவர் வீட்டிலும், நெருக்கடியான ஒற்றை அறை வீடுகளில்கூட, வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகம் சானடோரியங்களை மூடியதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து உள்ளே போகத் தொடங்கிவிட்டால் பரவுவது வேகமாகக் குறையும். கொட்டகை வேண்டாம்.

பாப்பாவுக்கும் உங்கள் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு தடுப்பு மருந்து உண்டு. அதையும் இலவசமாகவே தருவார்கள். கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் தானாகச் சொல்வதில்லை.


ஒட்டன்சத்திரத்தான் | ஜூலை 24, இரவு 9.20

கல்ச்சர் ரிப்போர்ட் வந்துச்சு. அந்தக் கழுவு நீர்லயே கிருமி வளந்திருக்கு, 26ஆம் நாள்ல. மிஷின்ல நெகட்டிவ்னு வந்த அதே தண்ணி.

அம்மாவுக்குக் காய்ச்சல் மூணாவது வாரமே நின்னுடுச்சு. எடை 48.5. நேத்து கமிஷன் கடைக்கு எப்ப போலாம்னு கேட்டாங்க. பாப்பாவுக்குத் தடுப்பு மருந்து தினமும் காலையில கொடுக்கறோம், மாத்திரையைப் பொடி பண்ணித் தண்ணியில கரைச்சுக் கொடுத்தா துப்பறா. அக்கா, என்ன செய்யறது?


தென்காசிச் செவிலி | ஜூலை 24, இரவு 10.05

கொஞ்சமா தண்ணி, ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து கன்னத்து ஓரமா மெதுவா விடுங்க, நாக்கு நடுவுல விட்டா துப்பிடும். விட்டதும் அப்பத்தா கையால ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லுங்க.